அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்: அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு

மாதக் கடைசியில் கை கடித்தால் மாணவர்கள் முதலில் குறைப்பது டீயையும் சாப்பாட்டையும்தான். பணம் அதிகமாகக் கசியும் ஓட்டையோ வீடு பார்த்த அன்றே விழுந்திருக்கும். சென்னையிலோ கோவையிலோ நான்கு பேர் சேர்ந்து வீடு பிடிக்கும்போது வாடகையை மணிக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். "கரன்ட்டுக்குத் தனி சர்வீஸ் நம்பரா (மின்வாரியத்தில் அந்த வீட்டுக்கென்றே தனி இணைப்பு), சப்-மீட்டரா (ஹவுஸ் ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுத்து அளப்பது)?" என்று மட்டும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். நான்கு பேர் இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவழித்தால், தனி இணைப்பில் பில் ஏறத்தாழ 1,200 ரூபாய். அதே 400 யூனிட்டுக்கு ஹவுஸ் ஓனர் சப்-மீட்டரில் யூனிட் 9 ரூபாய் என்று போட்டால் 3,600. மாதம் 1,000 ரூபாய் வாடகை குறைவு என்று அந்த வீட்டுக்குப் போனவர்கள், கரன்ட்டில் மாதம் 1,200 கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

தனி இணைப்பு கிடைத்தாலும் 500 யூனிட் என்ற கோட்டைக் கவனிக்க வேண்டும். அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணம் போய்விடும். 501-ஆவது யூனிட் ஒன்றே பில்லை 200 ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும். அதனால் ரீடிங் எடுத்த தேதியைக் குறித்து வைத்து, 45-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். அதற்குள் 400-ஐத் தொட்டிருந்தால், மிச்ச நாட்களுக்கு ஏசியை அணைத்துவிட்டு ஃபேனோடு சமாளிப்பது நல்லது.

ஏசி இல்லாத வீட்டிலும் யூனிட்டை விழுங்குவது வாட்டர் ஹீட்டர் ராடு. 15 லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர 1,500 வாட் ராடுக்குக் கால் மணி நேரம் போதும். அரை யூனிட்கூட ஆகாது. போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய், போனை எடுத்து, அரை மணி நேரம் கழித்து வந்தால் முக்கால் யூனிட். பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்ற வேண்டியிருக்கும். நான்கு பேரும் தினமும் இப்படிச் செய்தால் இரண்டு மாதத்தில் 180 யூனிட். போனில் 15 நிமிட அலாரம் வையுங்கள். ராடின் சூடாகும் சுருள் பகுதி தண்ணீரில் முழுதாக மூழ்கிய பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். இரும்பு வாளி கூடவே கூடாது.

சமையலில் எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்று கிளம்பும் அறைகளில் பெரும்பாலும் இரண்டாவது வாரமே அடுப்பு தூங்கிவிடும். சாதத்தை மட்டும் அறையில் வைத்துக் குழம்பு, பொரியலைப் பார்சல் வாங்குவது நீடிக்கும். ஆளுக்கு ஒரு வேளைக்கு 110 கிராம் அரிசி போதும். நான்கு பேருக்கு 25 இரவுகளுக்கு 11 கிலோ. மலிவு என்று 25 கிலோ மூட்டை வாங்கினால், செமஸ்டர் லீவு முடிந்து வரும்போது வண்டு குடியிருக்கும். 700 வாட் ரைஸ் குக்கர் ஒரு தடவைக்கு அரை யூனிட்கூட எடுக்காது.

கேஸ்தான் வேண்டும் என்றால் 5 கிலோ சிலிண்டரை ஏஜென்சியில் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை. வீட்டு சிலிண்டரைவிடக் கிலோ விலை கூடுதல்தான். அதற்காகத் தெருவோரக் கடையில் சின்ன சிலிண்டருக்குக் கேஸ் நிரப்புவது வேண்டாம். அது சட்டவிரோதம், எடையும் குறையும், வால்வும் கசியும்.

அறை எடுக்காமல் வீட்டிலிருந்தே ரயிலில் கல்லூரிக்குப் போகிறவர்கள் பலர் முழுக் கட்டணத்தில் சீசன் டிக்கெட் எடுக்கிறார்கள். பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். மற்ற மாணவர்களுக்கும் சலுகை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கன்செஷன் படிவம் கேளுங்கள்.

இனி அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மட்டுமே. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டால் அந்த வரம்பைச் சொல்லி வாதாட முடியாது. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். குடிபோகும் அன்று சுவர், குழாய், கதவுகளைப் படம் எடுங்கள். மீட்டரில் அன்றைய ரீடிங்கையும் சேர்த்து எடுங்கள். முன்பு இருந்தவர் வைத்துவிட்டுப் போன பாக்கி உங்கள் தலையில் விழாது.