எண்ணிக்கையிலிருந்து சூரியனுக்கு: எக்ஸ் கதிர்த் தரவைப் படிக்கும் மென்பொருள்

2017 செப்டம்பர் 6 அன்று சூரியனில் ஒரு பெரிய ஃபிளேர், அதாவது திடீர் ஆற்றல் வெடிப்பு, நிகழ்ந்தது. அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் தரவை வைத்து அதன் அளவை எக்ஸ்9.3 என்று பதிவு செய்தார்கள் (எக்ஸ் என்பது மிகப் பெரிய வெடிப்புகளின் வகுப்பு). இன்று அதே வெடிப்பைத் திருத்திய தரவில் தேடினால் எக்ஸ்13.3 என்று இருக்கும். நடந்து முடிந்த வெடிப்பு எப்படிப் பெரிதாகும்? புதிய அளவுகள் பழைய செயற்கைக்கோள்களின் அளவோடு ஒத்துப்போகட்டும் என்பதற்காக, தரவைக் கணக்கிடும் முறையில் 0.7 என்ற ஒரு பெருக்கெண்ணைப் பல வருடங்களாக வைத்திருந்தார்கள். கோஸ்-16 வரிசை வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சூரிய எக்ஸ் கதிர்த் திட்டம் என்றாலே நமக்கு ராக்கெட்டும் டிடெக்டரும்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் கருவியின் பாதிதான் விண்ணுக்குப் போகிறது, மறுபாதி தரையில் கணினிக்குள் இருக்கிறது. அந்த மறுபாதி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

சந்திரயான்-2 சுற்றுக்கலத்தில் எக்ஸ்எஸ்எம் என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது. அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகம் உருவாக்கியது. நிலவைச் சுற்றிக்கொண்டே சூரியனிடமிருந்து வரும் 1 முதல் 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) வரையிலான எக்ஸ் கதிர்களை எண்ணுகிறது. ஒவ்வொரு நொடிக்கும் ஒரு நிறமாலை தருகிறது. நிறமாலை என்றதும் வண்ணப்பட்டையைக் கற்பனை செய்யவேண்டாம். கீழே வருவது வெறும் எண்கள்: முதல் சேனலில், அதாவது முதல் எண்ணும் பெட்டியில், இத்தனை, அடுத்த சேனலில் இத்தனை என்று 1024 சேனல்களுக்கான எண்ணிக்கை. அதில் சூரியனின் வெப்பநிலை எங்கும் எழுதியிருக்காது.

சேனல் என்பது நேரடியாக ஆற்றலும் இல்லை. ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான் (ஒளித்துகள்) சிலிக்கான் டிடெக்டருக்குள் நுழைந்து உறிஞ்சப்படும்போது, ஏறத்தாழ 3.65 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் என்றால் சுமார் 1,640 எலக்ட்ரான்கள். அந்த மின்னூட்டத்தை அளந்துதான் ஆற்றலைச் சொல்கிறோம். ஒரே ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் வந்தாலும் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மின்சுற்றின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். நிறமாலையில் ஒரே ஆற்றலில் தெரியவேண்டிய கூர்மையான கோடு அகன்ற மேடாகிவிடும்.

இன்னொரு குறும்பும் உண்டு. உள்ளே வந்த ஃபோட்டான் சில நேரம் சிலிக்கான் அணுவைத் தூண்டி, அதற்கே உரிய 1.74 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை வெளியிட வைக்கும். அந்தக் கதிர் டிடெக்டரை விட்டுத் தப்பிவிட்டால் அளவில் அவ்வளவும் குறையும். ஒரு கோடி கெல்வினைத் தாண்டிய ஃபிளேர் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவில்) இரும்புக்கே உரிய கோடு 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தெரியும். கூடவே 4.96-இல் ஒரு குட்டி மேடும் முளைக்கும். அப்படி ஒரு கோடு சூரியனில் கிடையாது, டிடெக்டர் உண்டாக்கிய போலி. இது தெரியாத மென்பொருள் அங்கே வேறொரு தனிமத்தைக் 'கண்டுபிடித்து'விடும்.

இந்த எல்லாக் கோளாறுகளையும் அடக்கி ஒரு பெரிய அட்டவணை தயாரிக்கிறார்கள். இன்ன ஆற்றலில் ஒரு ஃபோட்டான் வந்தால் எந்தெந்தச் சேனலில் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் அட்டவணை; இதற்கு ரெஸ்பான்ஸ் மேட்ரிக்ஸ் என்று பெயர். சூரியனின் நிறமாலையை இதால் பெருக்கி, பின்னணி எண்ணிக்கையைக் கூட்டினால் நாம் பார்க்கும் எண்ணிக்கை கிடைக்கும். அப்படியானால் மேட்ரிக்ஸைத் தலைகீழாக்கிப் பெருக்கிவிட்டால் சூரியன் கிடைத்துவிடுமே என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். கணக்குப்படி சரி, நடைமுறையில் நடக்காது. எண்ணிக்கையில் தற்செயலாக வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் தலைகீழாக்கும்போது பூதாகரமாகப் பெருகி, பக்கத்துப் பக்கத்து ஆற்றல்களில் மேலும் கீழும் எகிறும், எதிர்மறை ஃபோட்டான் எண்ணிக்கைகூட வரும்.

அதனால் எதிர்ப்பக்கமிருந்து வருகிறார்கள். முதலில் ஒரு சூரியனை ஊகிக்கிறார்கள்: பிளாஸ்மா இத்தனை வெப்பநிலை, இவ்வளவு அடர்த்தியும் பருமனும், மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு இன்ன விகிதம். அந்தப் பிளாஸ்மா என்ன கதிர் வீசும் என்பதற்கு கியாந்தி என்ற அணுத் தரவுத்தளம் இருக்கிறது. அந்தக் கதிரை மேட்ரிக்ஸ் வழியாக அனுப்பி, வரும் எண்ணிக்கையை அளந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, ஊகத்தை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். எக்ஸ்ஸ்பெக், ஆஸ்பெக்ஸ் போன்ற மென்பொருள்களின் உயிரே இதுதான். ஒப்பிடும்போதும் கவனம் தேவை. சேனலில் ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை இருந்தால் வழக்கமான கை-வர்க்கம் (chi-square, மாடலும் தரவும் எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் புள்ளியியல் அளவு) போதும். இரண்டோ மூன்றோதான் இருக்கிறதென்றால் அது தவறான பக்கம் இழுக்கும், அங்கே சின்ன எண்ணிக்கைகள் தற்செயலாக எப்படி மாறும் என்று சொல்லும் பாய்சான் பரவலை அடிப்படையாகக் கொண்ட அளவுகோல்தான் வேண்டும். 2019-20-இல் சூரியன் மிக அமைதியாக இருந்த காலத்தில், மிகச் சிறிய ஏ வகுப்புக்கும் கீழான குட்டி வெடிப்புகளை எக்ஸ்எஸ்எம் பதிவு செய்தது. குறைந்த எண்ணிக்கையை மதிக்கத் தெரிந்த கணக்கு இல்லாமல் அவற்றிலிருந்து வெப்பநிலையைப் பிழிந்தெடுக்க முடியாது.

பெரிய ஃபிளேரில் சிக்கல் நேரெதிர். 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் இரண்டு ஒரே கணத்தில் விழுந்தால் டிடெக்டர் அதை 6 என்று ஒரே எண்ணாகப் பதியும். நிறமாலையின் அதிக ஆற்றல் பகுதி பொய்யாக உயரும், மாடல் உடனே 'ஆஹா, பிளாஸ்மா இன்னும் சூடு' என்று சொல்லும். அதைத் தவிர்க்கத்தான் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் சோலெக்ஸ் கருவியில் பெரிய துளையோடு ஒரு டிடெக்டர், மிகச் சிறிய துளையோடு இன்னொரு டிடெக்டர் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். எந்த நொடியில் எதை நம்புவது என்ற முடிவு மென்பொருள் பக்கம் வந்து சேர்கிறது.

அப்புறம் நேரம். இது சலிப்பான வேலை, ஆனால் இதில் தப்பினால் மற்றதெல்லாம் தப்பு. விண்கலத்தின் கடிகாரம் தன் போக்கில் ஓடும், அதை உலக நேரத்துக்கு மாற்றவேண்டும். ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் சூரியனை 0.28 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரம் ஒரு அலகு) வரை நெருங்குகிறது. அங்கே ஒளி சுமார் 140 நொடியில் போய்ச் சேரும், பூமிக்கு வர 499 நொடி. ஒரே வெடிப்பை அது நமக்குக் கிட்டத்தட்ட 6 நிமிடம் முன்னால் பார்த்துவிடும். இரண்டு கருவிகளின் வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்முன் இதைச் சரிசெய்யாவிட்டால், எது காரணம் எது விளைவு என்பதே புரண்டுவிடும்.

அந்தச் சோலார் ஆர்பிட்டரில் இருக்கும் ஸ்டிக்ஸ் கருவி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் லென்ஸும் இல்லை, கண்ணாடியும் இல்லை. டங்ஸ்டன் கம்பிச்சட்டங்கள் இரண்டு, ஒன்றின் பின்னால் ஒன்றாக. அவற்றைத் தாண்டி வரும் கதிர் டிடெக்டர் மேல் பட்டை பட்டையாக நிழல் போடுகிறது. ஒவ்வொரு சட்ட ஜோடியும் படத்தின் ஒரு ஃபூரியே கூறை, அதாவது படத்தைக் கட்டும் அலைவடிவங்களில் ஒன்றை, மட்டும் அளக்கிறது. மொத்தம் 30 கூறுகள். அந்தச் சொற்ப விவரத்துக்குப் பொருந்தக்கூடிய படங்கள் எண்ணற்றவை. அதில் நியாயமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க, ரேடியோ வானியலில் பிறந்த கிளீன் போன்ற முறைகள் உதவுகின்றன. படத்தில் தெரியும் இரண்டு பொட்டுகள் சூரியனில் உண்மையிலேயே இரண்டா, இல்லை முறையின் விளைவா என்று பார்க்க, ஒரே தரவை இரண்டு மூன்று முறைகளில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம்.

இதையெல்லாம் விண்கலம் பறந்தபின் எழுத ஆரம்பித்தால் நேரம் போதாது. அதனால் கணினியில் ஒரு சூரியனை உருவாக்கி, அதன் கதிரைப் போலி டிடெக்டர் வழியாக அனுப்பி, போட்ட வெப்பநிலையே திரும்பி வருகிறதா என்று முன்கூட்டியே சோதிக்கிறார்கள். வந்தால்கூட முழு நிம்மதி கிடையாது, ஏனென்றால் போலித் தரவை உண்டாக்கியதும் அதே மேட்ரிக்ஸ்தான். விண்ணில் டிடெக்டருக்கு வயதாகும். அதைக் கண்காணிக்க எக்ஸ்எஸ்எம்மில் இரும்பு-55 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கோடு தரும். அதன் வீரியமும் 2.7 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே கருவியின் அளவைச் சரிபார்க்கும் காலிப்ரேஷன் கோப்புகள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் பதிப்பை வைத்துக் கணக்கிட்டது என்பது ஒவ்வொரு ஃபிட்ஸ் (வானியல் தரவு வடிவம்) கோப்பின் தலைப்பகுதியிலும் இருந்தாக வேண்டும்.

எக்ஸ்எஸ்எம் தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் யாருக்கும் கிடைக்கிறது, பகுப்பாய்வு மென்பொருளும் கிடைக்கிறது. முயன்று பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம்: சூரியனின் சிலிக்கான் கோடு 1.86-இல் இருக்கிறது, டிடெக்டரின் சிலிக்கான் உறிஞ்சல் விளிம்போ (உறிஞ்சும் திறன் திடீரென மாறும் ஆற்றல்) 1.84-இல், இரண்டும் ஏறத்தாழ ஒட்டிக்கொண்டு. சிலிக்கான் அளவு விசித்திரமாக வந்தால் முதலில் அந்த இடத்தில் மாடலுக்கும் தரவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், சூரியனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.