சட்டம் படிக்க மூன்று விண்ணப்பம்: இடம், தேர்வு, பணம்

மேட்ரிக் (பள்ளி இறுதியான 12ஆம் வகுப்பு) முடித்துச் சட்டம் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும், "எந்த யுனிவர்சிட்டி?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்போம். தென்னாப்பிரிக்காவில் அந்த ஒரு கேள்வி போதாது. படிக்க இடம் கேட்பது ஒரு விண்ணப்பம். சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் என்.பி.டி. என்ற தேசியத் தரநிலைத் தேர்வுக்குப் பதிவு செய்வது இன்னொன்று. அரசின் என்எஸ்ஃபாஸ் உதவித்தொகை மூன்றாவது. மூன்றையும் பார்ப்பது வேறு வேறு அலுவலகம், கெடுவும் வேறு வேறு. ஒன்றில் "சரி" என்று பதில் வந்துவிட்டால் மற்றது தானாக வராது. இடம் கிடைத்த சந்தோஷத்தில் பணத்துக்கு விண்ணப்பிக்க மறந்துவிட்டு, ஜனவரியில் பதிவுக் கட்டணத்துக்கு உறவினர் வீடு வீடாகப் போகும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பணத்தில் இருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையே அது மாற்றிவிடும்.

என்எஸ்ஃபாஸ் என்பது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம். முன்பு இது கடன். படித்து முடித்து வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த நினைப்பில்தான் இன்னும் பல அப்பாமார் "கடன் எதற்கு, வேண்டாம்" என்று ஒதுங்குகிறார்கள். 2017 டிசம்பரில் அறிவித்து 2018இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இது திருப்பித் தர வேண்டாத பர்சரி. குடும்பத்தின் மொத்த வருமானம், பிடித்தம் போவதற்கு முன் உள்ள தொகை, ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் சொன்னால் அப்பா அம்மா இருவர் சம்பளமும் சேர்ந்து ஏறக்குறைய 29,000 ரேண்ட். உடற்குறை உள்ள மாணவருக்கு வரம்பு 6,00,000 ரேண்ட். சாஸா என்ற அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பிடம் மானியம் பெறும் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வருமானத் தகுதி அதிலேயே நிறைவேறிவிடும்.

கல்விக் கட்டணம், பதிவுக் கட்டணம், தங்குமிடம் அல்லது போக்குவரத்துச் செலவு, புத்தகம், சாப்பாட்டுக்கு ஒரு தொகை என்று பலதும் இதில் அடங்கும். ஆனால் நாட்டின் 26 அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகளுக்கும் மட்டுமே இது செல்லும். டர்பனைச் சுற்றி எல்.எல்.பி. நடத்தும் தனியார் கல்லூரிகள் உண்டு. அவற்றின் பட்டத்தைக் குறை சொல்லவில்லை. என்எஸ்ஃபாஸை நம்பி அங்கே சேர முடியாது, அவ்வளவுதான்.

சட்டம் படிக்க நினைப்பவர் தவறாமல் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே வழக்கறிஞராக இரண்டு வழி. ஒன்று, மேட்ரிக் முடித்ததும் நேராக நான்கு ஆண்டு எல்.எல்.பி. மற்றது, முதலில் பி.ஏ. அல்லது பி.காம்., அதன் பிறகு இரண்டு அல்லது மூன்று ஆண்டு எல்.எல்.பி. கல்வி என்று பார்த்தால் இரண்டாவது வழி நல்ல வழி. பிள்ளைக்கு வயதும் பக்குவமும் கூடும், பொருளாதாரமோ அரசியலோ ஆழமாகத் தெரிந்துகொண்டு சட்டத்துக்குள் நுழைவார். ஆனால் என்எஸ்ஃபாஸ் ஒரு பட்டத்துக்குத்தான் பணம் தரும். பி.ஏ. முடித்த கையோடு அது நின்றுவிடும், அடுத்து வரும் எல்.எல்.பி. செலவு வீட்டின் தலையில். வீட்டில் வேறு வழி இல்லையென்றால் நான்கு ஆண்டு எல்.எல்.பி.யையே முதல் விருப்பமாகப் போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

இதோடு சேர்ந்தது ஆண்டுக் கணக்கு. படிப்பின் குறைந்தபட்சக் காலத்துக்கு மேல் ஓர் ஆண்டு வரைதான் உதவி. நான்கு ஆண்டு எல்.எல்.பி.க்கு ஐந்து ஆண்டு. வேறு படிப்பில் சேர்ந்து ஓர் ஆண்டு கழித்துச் சட்டத்துக்கு மாறினால், போன ஆண்டும் அந்தக் கணக்கில் ஏறும். ஒவ்வோர் ஆண்டும் எடுத்த பாடங்களில் போதிய அளவு தேறியும் இருக்க வேண்டும்.

வருமானம் 3,50,000ஐத் தாண்டி 6,00,000க்குள் இருந்தால்? வாத்தியார், நர்ஸ், சிறு கடைக்காரர் வீடுகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. இவர்களுக்காக 2024இல் அரசு ஒரு கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியல், பொறியியல் படிப்புகளுக்குத்தான் அதில் பெரும் பங்கு. சட்டம் படிக்கும் பிள்ளைக்கு அதை மட்டும் நம்பியிராமல், பல்கலைக்கழகம் மதிப்பெண்ணுக்குத் தரும் சலுகை, சட்ட நிறுவனங்களின் பர்சரி, வங்கிக் கடன் ஆகியவற்றையும் கிரேட் 11இலேயே விசாரிக்கத் தொடங்குவது நல்லது.

இந்த இடத்தில் நவநீதம் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டர்பனில் பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகள். கிளேர்வுட்டில் இருந்த நம் மக்கள் கையில் இருந்ததைப் போட்டுத் திரட்டிய பணத்தில்தான் அவர் நேட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1965இல் எல்.எல்.பி. முடித்தார், 1967இல் சொந்தமாக அலுவலகம் திறந்தார். பிற்பாடு ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்தார். அன்று ஊர் கூடிப் பிச்சைக்காசு சேர்த்துச் செய்ததை இன்று சட்டமே உரிமையாகத் தருகிறது. அதைக் கேட்டு வாங்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி இடம். இந்தியாவில் இருப்பது போல நாடு தழுவிய பொதுவான சட்ட நுழைவுத் தேர்வு இங்கே கிடையாது. மேட்ரிக் மதிப்பெண்தான் அடிப்படை. முதலில் பட்டப் படிப்புக்குத் தகுதியான தேர்ச்சி வேண்டும். அதாவது நான்கு பாடங்களிலாவது 50 விழுக்காடோ மேலோ, தாய்மொழிப் பாடமாக எடுத்த மொழியில் 40 விழுக்காடு. சட்டத்துக்கு இது போதாது, இது வாசல் மட்டும். மதிப்பெண்களைப் புள்ளிகளாக மாற்றி ஏ.பி.எஸ். என்று கூட்டுவார்கள். 80க்கு மேல் 7 புள்ளி, 70க்கு மேல் 6, 60க்கு மேல் 5, இப்படி இறங்கும். எல்லா இடத்திலும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள விட்ஸ் பல்கலைக்கழகம் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கூடுதல் புள்ளி தருகிறது. கேப் டவுன் பல்கலைக்கழகம் புள்ளியாக மாற்றாமல் ஆறு பாடங்களின் விழுக்காட்டை அப்படியே கூட்டி 600க்குக் கணக்குப் பார்க்கிறது. எங்கே போனாலும் சட்டத்துக்கு ஆங்கில மதிப்பெண்தான் முதுகெலும்பு. கிரேட் 10இல் பாடம் எடுக்கும்போதே இதை மனதில் வைக்க வேண்டும்.

டர்பன் இருக்கும் க்வாஸூலு-நேட்டால் மாகாணத்தில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற ஒரே அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒரே படிவத்தில் ஆறு விருப்பம் வரை எழுதலாம். க்வாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பு டர்பன் ஹோவர்ட் காலேஜ் வளாகத்திலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இருக்கிறது. சூலுலாந்து பல்கலைக்கழகத்திலும் சட்டம் உண்டு. டர்பனின் சேட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகள் பலரும் ஹோவர்ட் காலேஜை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை இரண்டாவதாகப் போடுவதில் என்ன குறை? பட்டம் அதே பட்டம். ஆறு இடம் இருக்கும்போது ஒன்றோடு நிற்காதீர்கள். வரிசையும் முக்கியம், உண்மையாக விரும்புவதை மேலே எழுதுங்கள். கேப் டவுன், விட்ஸ், தொலைநிலைக் கல்வி தரும் யூனிசா போன்றவற்றுக்கு நேரடியாக அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் முடிவு கிரேட் 11 ஆண்டிறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் வரும். மேட்ரிக் மதிப்பெண் ஜனவரியில் வருவதற்குள் விண்ணப்பக் கெடு எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஆகவே "மேட்ரிக்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிரேட் 11இல் கோட்டை விட்டால் அதன் விலை பெரியது.

அப்புறம் என்.பி.டி. தேர்வு. கேப் டவுன் போன்ற பல்கலைக்கழகங்கள் கேட்பது. இதில் இரண்டு தாள்: மொழியும் எண்ணறிவும் சேர்ந்த ஏ.க்யூ.எல்., கணிதத்துக்கான மேட். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். சட்டத்துக்குப் போகிறவர் எழுத வேண்டியது பெரும்பாலும் ஏ.க்யூ.எல். மட்டும்தான். ஆங்கிலத்திலோ ஆஃப்ரிகான்ஸிலோ எழுதலாம். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கால்குலேட்டர் கிடையாது. மதிப்பெண்ணை அடிப்படை, இடைநிலை, தேர்ந்த நிலை என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். பாஸ், ஃபெயில் என்று ஒன்றும் இல்லை.

பழைய வினாத்தாள் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். இந்தத் தேர்வின் பழைய தாள்களை வெளியிடுவதே இல்லை. மாதிரிக் கேள்விகள் தேர்வின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மனப்பாடம் உதவாது. நிதானமாக வாசிக்கும் பழக்கம்தான் உதவும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி. நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் 6ஆம் பிரிவைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். முதலில் ஆட்சி மொழிகளின் பட்டியல் வரும். 2023இல் சைகை மொழி சேர்ந்த பிறகு அவை 12. அதே பிரிவில் கீழே, மக்கள் பேசும் மற்ற மொழிகளை வளர்க்கவும் மதிப்பை உறுதி செய்யவும் வேண்டும் என்ற இடத்தில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழின் பெயரும் இருக்கிறது. இப்போது கேளுங்கள்: இந்தப் பிரிவின்படி தமிழ் ஆட்சி மொழியா? அரசு எல்லா அறிவிப்பையும் தமிழில் தர வேண்டும் என்று இதில் எங்காவது சொல்லியிருக்கிறதா? "மதிப்பை உறுதி செய்வது" என்பதற்கும் "பயன்படுத்துவது" என்பதற்கும் என்ன தூரம்? எழுதியிருப்பது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பிரிக்கத் தெரிவதைத்தான் மொழிப் பகுதி சோதிக்கிறது. சட்டக் கல்லூரியிலும் முதல் நாளில் இருந்து அதே வேலைதான்.

எண்ணறிவுப் பகுதிக்கு மின்சார பில்லை எடுங்கள். போன மாதம் 1,200 ரேண்ட், இந்த மாதம் 1,380. எத்தனை விழுக்காடு ஏறியது? 15. சரி, இனி அதே 15 விழுக்காடு குறைந்தால் பழையபடி 1,200 ஆகுமா? ஆகாது, 1,173 ஆகும். ஏன் என்று காகிதத்தில் பென்சிலால் போட்டு விளக்கச் சொல்லுங்கள். பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். விழுக்காடு, விகிதம், வரைபடம், அட்டவணை இவை கைப்பழக்கமாக வந்தால் போதும்.

கெடுக்களைப் பார்ப்போம். கேப் டவுனுக்கு வழக்கமாக ஜூலை இறுதி, சி.ஏ.ஓ.வுக்கு செப்டம்பர் இறுதி. தாமதமாக அனுப்பினால் சி.ஏ.ஓ. கட்டணம் கூடும், இடமும் குறைந்திருக்கும். என்எஸ்ஃபாஸ் வழக்கமாக செப்டம்பர் வாக்கில் திறக்கும், மூடும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே திறந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். இடம் உறுதியான பிறகுதான் போட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவர் என்எஸ்ஃபாஸ் ஆள் இல்லை.

கணக்கு தொடங்கும்போது பிள்ளையின் சொந்த செல்போன் எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். இன்டர்நெட் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுத் தொடங்கினால், பின்னால் வரும் சங்கேத எண் எல்லாம் அவருக்குத்தான் போகும். பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுத வேண்டும். நம் குடும்பங்களில் தாத்தா ஒரு விதமாகவும் அப்பா ஒரு விதமாகவும் "முதலி"யை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். உள்துறைப் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிழை இருந்தால் கிரேட் 11இலேயே உள்துறை அலுவலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெற்றோரின் அடையாள எண்களும் வருமான விவரமும் கேட்பார்கள், வரித்துறைப் பதிவோடு சரிபார்ப்பார்கள். நிராகரித்தால் காரணம் சொல்வார்கள், மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்கான கெடு குறுகியது, கணக்கை அடிக்கடி திறந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருந்தோ இலங்கையில் இருந்தோ வேலை விசாவில் வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை இங்கே எல்.எல்.பி. படிக்கலாம், என்எஸ்ஃபாஸ் கிடைக்காது. அதைவிட முக்கியமாக, வழக்கறிஞராகப் பதிவு செய்ய நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் சொல்கிறது. 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டும் பெரும் பணமும் போடும் முன் இதை யோசித்துவிடுங்கள்.

ஜனவரியில் மேட்ரிக் முடிவு வந்து, எங்குமே இடம் இல்லை என்றால், உயர்கல்வித் துறை அந்த மாதத்தில் திறக்கும் கேச் என்ற மையத்தில் பெயரைப் பதியலாம். காலி இடம் உள்ள பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கும். இடம் கிடைத்தவர்கள் பதிவு முடிந்ததும் கையில் ஓரிரு மாதத்துக்கு பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் பதிவு விவரத்தை அனுப்பிய பிறகே என்எஸ்ஃபாஸ் பணம் நகரும், பிப்ரவரி, மார்ச்சில் தாமதம் ஆவது சகஜம்.