தோலில் சாயம் ஏன் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது?

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், ஒரே துண்டானாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவு சாயம் குடிப்பதில்லை. முதுகுப் பகுதியில் கொலாஜன் (தோலின் புரதம்) நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும்; வயிற்றுப் பகுதியில் தளர்ந்திருக்கும். தளர்ந்த இடம் கூடுதலாக உறிஞ்சிக் கறுக்கும். ஒரு பெல்ட்டுக்கோ பர்ஸுக்கோ வேண்டிய துண்டுகளை ஒரே பகுதியிலிருந்து வெட்டினாலே பாதித் தொல்லை தீரும்.

மீதித் தொல்லை சாயம் கரைந்திருக்கும் ஸ்பிரிட்டால், அதாவது ஆல்கஹாலால், வருவது. ஆல்கஹாலில் கரைத்த சாயம் உலர்ந்த தோலில் பட்டதும் உள்ளே இழுபடும், ஆல்கஹாலும் உடனே ஆவியாகும். சாயம் பக்கவாட்டில் பரவ நேரமே இருக்காது. பஞ்சு முதலில் தொட்ட இடத்தில் கறுத்த வட்டம் விழும். ஒரு இழுப்பின் மேல் இன்னொன்று ஏறிய இடத்தில் கோடு விழும்.

அதனால் தோல் குடிக்கும் வேகத்தை முதலில் குறைக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தோலைத் துடைத்து உலரவிடுங்கள். விரல் எண்ணெய் படிந்த இடம் சாயத்தைச் சரியாக ஏற்காது, பசை படிந்த இடமோ அடியோடு மறுக்கும். பிறகு மாட்டுக்கால் எண்ணெயை (நீட்ஸ்ஃபுட்) மிக மெல்லியதாகத் தடவி ஒரு நாள் விடவும். விரல் எண்ணெய் கெடுக்கிறது, இந்த எண்ணெய் மட்டும் எப்படி உதவுகிறது? அது ஓரிடத்தில் மட்டும் தடுக்கிறது. இது தோல் முழுக்க ஒரே அளவில் தடுக்கிறது.

சாயத்துக்குச் சம அளவு ஸ்பிரிட் கலந்து, காற்றோட்டமான இடத்தில், முதல் பூச்சை வட்டமாகவும் அடுத்ததை நெடுக்காகவும் மூன்றாவதைக் குறுக்காகவும் பூசுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே அடர்ந்த பூச்சில் முடிக்கப் பார்ப்பது வீண் அவசரம்.

சிறு கரும்புள்ளிகள் தென்பட்டால் சாயத்தைக் குறை சொல்லாதீர்கள். ஈரத் தோலில் இரும்புத்தூள் விழுந்தால் பட்டையின் டானினோடு (தோலைப் பதனிடும் துவர்ப்புப் பொருள்) சேர்ந்து நீலக்கறுப்பாகும். சாயமிடும் முன் கண்டுபிடித்தால் எலுமிச்சைச் சாறு பெரும்பாலும் போக்கிவிடும். பிறகென்றால் அது சாயத்தையும் வெளுக்கக்கூடும்.

ஒரு நாள் உலர்ந்தபின் துணியில் நிறம் ஒட்டுவது நிற்கும் வரை தேய்த்தெடுங்கள். நாரில் பிடிக்காமல் மேலே தங்கிய சாயம்தான் பின்னால் சட்டையில் ஒட்டுவது. அதன் மேல் மறுபடி மெல்லிய எண்ணெய். நிறம் சற்று இருளும் என்பதால் முதலில் வெட்டுத்துண்டில் சோதிக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் தோல் தொளதொளத்துப் போகும், கடைசியில் மேலே இடும் அக்ரிலிக் காப்புப் பூச்சும் ஒட்டாது. எண்ணெய் உள்ளிறங்க இன்னொரு நாள் கொடுத்துவிட்டு, பிறகு அக்ரிலிக்கோ தேன்மெழுகோ பூசலாம்.