வெள்ளம் வடியும் முன் படம் எடுங்கள்: மழை நிவாரணம் கேட்கப் போகிறவர்களுக்கு

அடுத்த மூன்று நாளைக்கு இடியுடன் கனமழை, தாழ்வான இடங்களில் வெள்ள அபாயம், பகல் வெப்பம் இயல்பைவிடக் குறையும். வானிலை மையத்திலிருந்து நாடு முழுவதற்கும் சேர்த்து இப்படி ஒரு அறிவிப்பு வந்தால், குமரி மாவட்டத்துக்காரர்கள் ‘தென் தமிழகம்’ என்ற வரியோடு ‘கேரளம்’ என்ற வரியையும் பாருங்கள். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. இங்கே மழை விட்டாலும், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறந்தால் குழித்துறை ஆற்றங்கரைக்கு ஆபத்து தீரவில்லை.

எச்சரிக்கையின் நிறம் மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். சிவப்பு எச்சரிக்கை விட்டால்தான் நிவாரணம் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. பணம் சேதத்துக்குத்தான், நிறத்துக்கு அல்ல.

எங்கள் பக்கத்தில் ஒரு அம்மச்சி வீட்டில் மூன்று நாள் வெள்ளம் கேறி நின்றது. வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டி, தரையைக் கழுவிவிட்டார். ஐந்தாம் நாள் வந்த ஊழியர், “தண்ணி நின்னதுக்கு அடையாளம் எங்க?” என்று கேட்டார். சுத்தமாக இருந்ததுதான் அம்மச்சி செய்த குற்றம். மனு எழுதிக் கொடுத்தது நான். ஒரு ரூபாய் வரவில்லை.

அடையாளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்பட்டியலிலேயே ‘இரண்டு நாளுக்கு மேல்’ என்று இருக்கிறது. வீடு இடியாவிட்டாலும் அதற்குமேல் நீரில் கடுமையாக மூழ்கிக் கிடந்தால், துணிமணிக்கு 2,500, பாத்திரபண்டத்துக்கு 2,500 ரூபாய். ஒரே ஒரு படம் இரண்டு நாளை நிரூபிக்காது. கதவு எண் தெரியும்படி காலையும் மாலையும் எடுங்கள், தேதி பதியட்டும். முகாமுக்குப் போனால் பதிவேட்டில் குடும்பத்தார் எல்லோர் பெயரும் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். இந்தத் தொகை ‘குடும்பத்துக்கு’ என்றுதான் விதியில் இருக்கிறது, வீட்டு உரிமையாளருக்கு என்று இல்லை. வாடகைக்கு இருப்பவர்களைத் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

வீட்டுச் சேதத்தில் வேறொரு பொறி. அதே 2022-26 விதிப்பட்டியல்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000. பகுதிச் சேதம் என்றால் பக்கா (உறுதியாகக் கட்டிய) வீட்டுக்கு 6,500, கச்சா (மண் போன்றவற்றால் கட்டிய) வீட்டுக்கு 4,000, அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருந்தால்தான். நாலு ஓடு பறந்தது என்று மனுவில் எழுதாதீர்கள். எந்தச் சுவர் விரிந்தது, எத்தனை அடி நீளம், கூரையில் எவ்வளவு போயிற்று என்று அளந்து எழுதுங்கள். முழுதா, பகுதியா என்பது பார்வையிட வருகிறவரின் ஒரு சொல்லில் இருக்கிறது. ‘முழுது’ ‘பகுதி’ ஆனால் லட்சம் ஆயிரமாகிவிடும். அவர் என்ன எழுதினார் என்று அங்கேயே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்புறம், வீடு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறதா? வீட்டு வரி ரசீதை இப்போதே தேடி எடுங்கள். அங்கீகாரம் பெற்ற கட்டடமா என்ற கேள்வி வரும்.

வாழை போட்டவர்கள் படும் பாடு தனி. காற்றில் குலை தள்ளிய வாழை சாய்ந்து கிடக்கும், விவசாயி வேளாண்மை அலுவலகத்துக்கு ஓடுவார். வாழை தோட்டக்கலைத் துறை என்று அங்கே கைகாட்டுவார்கள். அங்கே போனால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவேட்டின் நகல்) வாங்கி வா என்பார்கள். அவருக்கு இரண்டு கிராமம் பொறுப்பு, இன்று அடுத்த கிராமத்தில் இருப்பார். இந்த அலைச்சலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிரிட்டவருக்கு இன்னும் மோசம். நிலம் வேறொருவர் பெயரில், உழைப்பும் கடனும் இவருடையது. மழைக்கு முன்பே அடங்கலில் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பாட்டச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். 33 சதவீதத்துக்குக் குறைந்த சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. சாய்ந்ததை வெட்டி அகற்றும் முன் எண்ணி, படம் எடுத்துவிடுங்கள்.

மாடு செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். அதே பட்டியல்படி கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய் உண்டு, ஆனால் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். வள்ளம் உடைந்தால் மீன்வளத் துறை. படகுப் பதிவு புதுப்பிக்காமல் கிடந்தால் இன்றே முடியுங்கள்.

ஆபத்து நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள், பிறகு மனுவில் உதவும். வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஊரில் பட்டியல் எடுத்து முடித்தாயிற்று என்று சொன்னால் திரும்பிவிடாமல், எழுத்தில் மனு கொடுங்கள். வாங்க மறுத்தால், திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். இரண்டு பிரதி கொண்டு போங்கள். உங்கள் பிரதியில் தேதி முத்திரை விழாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.