'ஃப்ரெஷ்' மணம் என்றால் புதிய மணமா?

'ஃப்ரெஷ்' செண்டை 'புதிய நறுமணம்' என்று மொழிபெயர்க்கும் விளம்பரத் தமிழை இனியும் பொறுக்க முடியாது. போன வாரம் தங்கை மகன், வெயிலுக்குப் போட ஒரு செண்ட், விலை கையைக் கடிக்காமல் வேண்டும் என்று என்னைக் கடைக்கு இழுத்துப்போனான். கடைசியில் 4711, டேவிடாஃப் கூல் வாட்டர் என இரண்டு புட்டிகள் மிஞ்சின. போனில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வரி: 'புதிய நறுமணம்'. "இதுல எது மாமா இப்ப வந்தது?" என்று கேட்டவன், டப்பாவைத் திருப்பித் தயாரிப்புத் தேதியைத் தேடினான்.

4711 ஜெர்மனியின் கொலோன் நகரத்துச் சரக்கு. தன் பிறப்பை 1792 என்று சொல்லிக்கொள்வது. கூல் வாட்டர் வந்தது 1988-இல். எது புதியது?

'ஃப்ரெஷ்' பழைய ஆங்கிலத்தில் உப்புக் கரிக்காத தண்ணீரைக் குறித்த சொல். அதன் பிரெஞ்சு உறவான 'ஃப்ரே'வுக்குக் குளிர்ந்தது என்றும் பொருள். செண்ட் தொழில் பேசும் மொழி பிரெஞ்சு. எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா, லாவெண்டர் போல முகர்ந்ததும் குளுகுளுவென்று ஏறும் வாசம்தான் அங்கே ஃப்ரெஷ்.

'புதிய' வேண்டாம் என்றால் 'புத்துணர்ச்சி மணம்' என்கிறார்கள். அதுவும் தவறு. புத்துணர்ச்சி முகர்கிறவனுக்கு வருவது, மணத்தின் குணம் அல்ல. ஃபில்டர் காபி வாசத்திலும் புத்துணர்ச்சி வரும். அதை யாராவது ஃப்ரெஷ் செண்ட் என்பார்களா? 'குளிர்மணம்' கொஞ்சம் தேவலை. ஆனால் அதைக் கேட்டதும் தலைவலித் தைலம்தான் நினைவுக்கு வருகிறது.

நம்மிடம் 'தண்' இருக்கிறது. தண்ணீரில் தினமும் குடிக்கிறோம். மாலையையும் சோலையையும் 'தண்ணறும்' என்று குளிர்ச்சியும் மணமும் சேர்த்தே பாடியவர்கள் நம் பழம்புலவர்கள். 'தண்மணம்' என்றால் என்ன குறை?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கறந்த பால், பறித்த காய், பச்சை மீன், நல்ல காற்று என்று இடத்துக்கு இடம் சொல் மாற்றிப் பேசும் வீட்டில் பிறந்தவர்கள், எல்லாவற்றின் தலையிலும் 'புதிய'வை ஒட்டுகிறார்கள். 'புதிய காற்றைச் சுவாசியுங்கள்' என்று எழுத எப்படிக் கை வருகிறது?

பையனின் இரண்டு மணிக்கட்டிலும் கைக்கொன்றாக அடித்துவிட்டு, "தேதியை விடு, எது தண்ணுனு இருக்குன்னு பாரு" என்றேன். கூல் வாட்டர் புதினாவும் கடற்காற்றுமாக வெகுநேரம் நின்றது. 4711 'கொலோன்' என்னும் லேசான செண்ட் வகை, மண எண்ணெய் குறைவு. வீட்டுக்கு வருவதற்குள் பறந்துவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். அதையும் சொன்னேன். அவன் இடது மணிக்கட்டை மறுபடி முகர்ந்து, "நார்த்த இலையைக் கசக்கின மாதிரி இருக்கு மாமா, இதுவே போதும்" என்று 4711-ஐ எடுத்துக்கொண்டான்.