641-இல் மாட்டிக்கொண்ட எண்

4294967297. கோடி, லட்சத்தில் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி, கூட ஒன்றைச் சேர்த்தால் கிடைப்பது, அதாவது 2³²+1.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பியர் டி ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது. 2+1, 2²+1, 2⁴+1, 2⁸+1, 2¹⁶+1 என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். ஆறாவது மட்டும் ஏன் மாறப்போகிறது?

சரி, வகுத்துப் பார்த்துவிடலாமே என்றால், வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களையெல்லாம் சோதிக்க வேண்டும். இங்கே அது 65536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6542 பகா எண்கள். வெறும் காகிதத்தில் யார் உட்கார்ந்து வகுப்பது?

1732-இல் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் இதை 641 வகுக்கும் என்று காட்டினார். 641-ஐத் தேடிப் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 17-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டாவது அடியில் 1 வந்துவிட்டது. அப்புறம் அதே சுற்றுதான். அந்த 8, 17-ஐவிட ஒன்று குறைந்த 16-ஐ மிச்சமில்லாமல் வகுக்கிறது. எந்த ஒற்றைப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த விதியைச் சொன்னவரே ஃபெர்மாதான்!

நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2³²+1-க்கு மீதி 0 என்றால் 2³²-க்கு மீதி −1 (அதாவது, மடங்குக்கு ஒன்று குறைவு). அதன் வர்க்கமான 2⁶⁴-க்கு மீதி 1. ஆக, சுற்று 64ஆவது அடியில் முடிகிறது. அதற்கு முன்னால் முடிய வழியில்லை; முடிந்திருந்தால் 2³²-க்கே மீதி 1 வந்திருக்கும். எனவே அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டுவிட்டது.

வகுக்காமலே சரிபார்க்கவும் முடியும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 641 என்பது 5×2⁷+1. அதுவே 5⁴+2⁴-உம் கூட (625+16). முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி, 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³²+1-க்கு மீதி 0.

ஈவு 6700417. அதுவும் பகா எண்தான், அதிலும் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்குதான்.

இந்த வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை சிக்கவில்லை. 2-க்கு அடுக்காக 4294967296-ஐ ஏற்றி ஒன்று கூட்டிய எண் வரை, 65537-க்குப் பிறகு வந்த அத்தனையும் பகு எண்கள். அதற்கு அடுத்ததன் அடுக்கு 8589934592. அது பகுமா, பகாதா என்பது இன்னும் தீரவில்லை.