வெளியே வந்தபின் வரும் வாரங்கள்

"அதான் பிள்ளைகளோடு வந்துவிட்டாளே, இனி என்ன பயம்?" என்று பெற்றோர் கேட்கும்போதுதான் எனக்குக் கவலை கூடும். அடிக்கிற கணவனை விட்டு வந்த பிறகு வரும் முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. தன் பிடியிலிருந்து போய்விட்டாள் என்ற ஆத்திரம் அவனுக்கு அப்போதுதான் தலைக்கேறும்.

ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் புது சிம் வாங்கியிருந்தார். அம்மா வீட்டில்தான் முதலில் தேடுவான் என்று தோழி வீட்டில் தங்கினார். அப்படியும் கணவன் தெருமுனையில் வந்து நின்றான். போனை வாங்கித் தந்தவன் அவன். அதில் கூகுள் கணக்கைத் தொடங்கியவனும் அவனே, கடவுச்சொல்லும் அவன் கையில். அதை வைத்தே போன் இருக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம். சிம்மை மாற்றி என்ன பயன்? முடிந்தால் வேறு போன், இல்லையென்றால் பழைய கணக்கை நீக்கிவிட்டுப் புதுக் கணக்கு. வாட்ஸ்அப் வேறு எந்தக் கணினியில் திறந்திருக்கிறது என்றும் பாருங்கள். அப்புறம் வங்கி. கணக்கில் அவன் எண் இருந்தால், நீங்கள் ஏடிஎம்மில் பணம் எடுத்ததும் குறுஞ்செய்தி அவனுக்குப் போகும். இவற்றை அந்த வீட்டில் இருக்கும்போதே மாற்றினால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். வெளியேறிய அன்றே செய்யுங்கள். மிரட்டல் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள், அவை சாட்சி.

"கடைசியாக ஒரே ஒரு தடவை பேசணும்", "உன் சர்டிஃபிகேட்டை வந்து வாங்கிக்கோ" என்று அழைப்பு வரும். தனியாகப் போகவே கூடாது. சமரசம் பேச வரும் பெரியவர்களிடமும் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டாம். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் அவனிடம் சொல்லிவிடுகிறார்கள்.

வழக்குப் போடப் புகுந்த வீட்டு ஊருக்கே திரும்ப வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். அவசரமென்றால் அவன் தரப்பைக் கேட்கும் முன்பே நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை தரலாம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் நகலைக் கைப்பையிலும் போனிலும் வைத்திருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். அவன் வாசலுக்கே வந்துவிட்டால் அவசர உதவி எண் 112.

பள்ளியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல், "நான் அப்பா, குழந்தையைக் கூட்டிப்போகிறேன்" என்று வருபவனைத் தடுப்பது பள்ளிக்குக் கஷ்டம். அதனால் அதே மனுவில் குழந்தைகளின் இடைக்காலப் பொறுப்பையும் கேளுங்கள். ஆணை கிடைத்ததும் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். வேன் ஓட்டுநருக்கும் அது தெரிய வேண்டும்.